வீட்டுக் கணினியில் வரவு செலவு மென்பொருள்: தேர்ந்தெடுப்பது முதல் ஓடவைப்பது வரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்துக்குள் இருக்கும் எங்கள் கோயில் மண்டபத்தை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நாலைந்து பேர் மடிக்கணினியோடு அங்கே வந்து உட்காருவார்கள். வீட்டுக் கணக்கைக் கணினியில் ஏற்ற வேண்டும், எந்த சாஃப்ட்வேர் நல்லது என்பதுதான் கேள்வி. நானும் ஆரம்பத்தில் ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள்.

அவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. கடைசியில் செய்ய வேண்டிய தேர்வை முதலில் செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். மென்பொருளின் பெயரே ஐந்தாவது படியில்தான் வருகிறது.

1. மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை இறக்கி வையுங்கள்

இன்டர்நெட் பேங்கிங்கில் நுழைந்து சம்பளக் கணக்கு, கிரெடிட் கார்டு, வீட்டுக்கடன் மூன்றுக்கும் கடைசி மூன்று மாதத்தை எடுங்கள். வீட்டுக்கடனை இங்கே எல்லாரும் பாண்ட் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

மின்னஞ்சலில் வரும் பிடிஎஃப் உதவாது. அது பெரும்பாலும் உங்கள் ஐடி எண்ணால் பூட்டியிருக்கும். திறந்தாலும் படிக்கத்தான் முடியும், கணக்கு மென்பொருள் அதை விழுங்காது. டவுன்லோட் பகுதியில் ஓஎஃப்எக்ஸ், க்யூஐஎஃப், சிஎஸ்வி என்று சில வடிவங்கள் இருக்கும். ஓஎஃப்எக்ஸ் இருந்தால் அதை எடுங்கள். அதில் ஒவ்வொரு வரிக்கும் வங்கி ஒரு தனி அடையாள எண் போட்டிருக்கும். அதே கோப்பைத் தவறி இரண்டாம் முறை ஏற்றினாலும், இவை ஏற்கெனவே வந்தவை என்று மென்பொருள் கண்டுபிடித்துவிடும். சிஎஸ்வியில் அந்த எண் கிடையாது.

எத்தனை மாதம் பின்னோக்கிப் போக முடியும் என்பது வங்கிக்கு வங்கி மாறும். இப்போதே பார்த்துவிடுங்கள். மார்ச் மாதக் கணக்கை நவம்பரில் தேடி, கிடைக்காமல் கிளைக்கு நடந்தவர்கள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. இறக்கிய சிஎஸ்வியை எக்செல்லில் திறந்து சேமித்துவிடாதீர்கள். எக்செல் தேதியின் வடிவத்தை மாற்றும், நீளமான எண்களின் கடைசி இலக்கங்களைப் பூஜ்யமாக்கும், கேட்காமலே. “மூலம்” என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதில் வங்கி தந்தபடியே போட்டுவையுங்கள். பார்க்க வேண்டுமானால் நகல் எடுத்து அதைத் திறங்கள்.

2. எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

“செலவைக் கட்டுப்படுத்தணும்” என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது ஆசை. அதை வைத்து எந்த மென்பொருளையும் தேர்ந்தெடுக்க முடியாது. கேள்வி இப்படி இருக்க வேண்டும்:

மாதம் 20ஆம் தேதிக்குள் பணம் எங்கே தீர்ந்துபோகிறது? பின்னால் உள்ள அவுட்பில்டிங்கை வாடகைக்கு விட்டிருக்கிறேன், பழுதுபார்ப்புப் போக லாபம் நிற்கிறதா? ஊரில் அம்மாவுக்கு வருடம் எவ்வளவு அனுப்புகிறேன், ரூபாயில் எவ்வளவு போய்ச் சேர்கிறது? சார்ஸ் என்ற நம் வரித் துறைக்கு வரிக்கணக்குக் கொடுக்கும்போது மருத்துவச் செலவுத் தாள்களைத் தேடாமல் எடுக்க முடியுமா?

முதல் கேள்விக்குச் செலவுத் தலைப்புகள் போட்டுக் கூட்டத் தெரிந்த எதுவும் போதும். வாடகைக் கேள்விக்குச் சொத்தும் கடனும் தெரிந்த மென்பொருள் வேண்டும். மூன்றாவதற்கு இரண்டு நாணயங்கள் தெரிய வேண்டும். கேள்வியை எழுதாதவர்கள் படம் அழகாக வருவதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வட்ட வரைபடம் முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும்.

3. யார் உட்காரப்போகிறார்கள், எந்தக் கணினியில்?

வாரம் ஒருமுறை அரை மணி நேரம் உட்காரப்போவது யார்? அவருடைய விருப்பத்துக்குத்தான் மதிப்பு. கணவர் தேர்ந்தெடுத்து மனைவி பதிய வேண்டும் என்று ஏற்பாடானால் அது ஓடாது. இது நான் பலமுறை பார்த்தது.

கணினி பெரிதாக வேண்டியதில்லை. நான் சொல்லப்போகும் நான்கும் பழைய மடிக்கணினியிலேயே ஓடும். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. வங்கி வேலையும் கணக்கும் ஒரே கணினியில் என்றால், விண்டோஸ் 11க்கு மாறுவதா, லினக்ஸ் போடுவதா என்பதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். கணக்கை ஏற்றிய பிறகு கணினியைக் கலைப்பது இரட்டை வேலை. நான்குமே லினக்ஸிலும் உண்டு, ஆகவே மென்பொருளுக்காக விண்டோஸில் ஒட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

4. எக்செல்லே போதுமா என்று நேர்மையாகப் பாருங்கள்

முதல் படியில் எடுத்த ஸ்டேட்மென்ட்டில் ஒரு மாதத்து வரிகளை எண்ணுங்கள். ஒரே கணக்கு, மாதம் 40 வரிக்குள், கடனும் இல்லை என்றால் எக்செல்லோ இலவசமான லிப்ரேஆஃபீஸ் கால்க்கோ போதும். ஓய்வூதியம் வாங்கும் ஒரு அங்கிள் நோட்டுப் புத்தகத்திலேயே எழுதுகிறார், அவர் கணக்கில் ஒரு சென்ட் பிசகாது. அவரை நான் மாற்றப் போகவில்லை.

இரண்டாவது கணக்கு வந்ததும் எக்செல் நொண்ட ஆரம்பிக்கும். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் போகும்போது, இங்கே கழித்து அங்கே கூட்ட வேண்டும் என்பதை அது தானாகச் செய்யாது. நீங்கள் மறந்தாலும் சொல்லாது.

5. இப்போது பெயர்கள்

முதலில், எதைத் தேட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

குயிக்கன் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் செய்த சந்தா மென்பொருள். அதன் பெரிய வசதி வங்கியிலிருந்து தானாக இறங்குவது, அது நம் வங்கிகளோடு இல்லை. சந்தா கட்டிவிட்டுக் கையால் பதிவதில் அர்த்தமில்லை. மைக்ரோசாஃப்ட் மணியின் விற்பனை 2009இல் நின்றுவிட்டது. அடுத்த வருடம் விட்ட இலவசக் கடைசிப் பதிப்பை இன்றும் சிலர் ஓட்டுகிறார்கள். பழைய கணக்கைப் பார்க்க வைத்துக்கொள்ளலாம், புதிதாக அதில் தொடங்க வேண்டாம்.

இணையத்திலேயே ஓடுகிற சேவைகளைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய மின்ட் என்ற இலவசச் சேவையை அதன் உரிமையாளர்களே 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். உங்கள் வங்கி நுழைவுச் சொல்லைக் கேட்கும் சேவை என்றால் தயக்கம் இன்னும் கூடும். அதைக் கொடுக்கும் முன், பணம் போனால் யார் பொறுப்பு என்று உங்கள் வங்கியைக் கேட்டுவிடுங்கள்.

வீட்டுக் கணினிக்கு நான் சொல்வது நான்கு. எல்லாம் இலவசம், எல்லாம் திறந்த மூல மென்பொருள், கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கும்.

ஹோம்பேங்க்: சம்பளம் வருகிறது, செலவு போகிறது, இரண்டு மூன்று கணக்குகள், அவ்வளவுதான் என்கிற குடும்பத்துக்கு இது. பற்று வரவு என்ற சொல்லே கண்ணில் படாது. ஒரே பிற்பகலில் பழகிவிடலாம்.

மணி மேனேஜர் ஈஎக்ஸ்: ஏறக்குறைய அதே எளிமை. கூடுதலாக இரண்டு உண்டு. நிறுவாமலே யுஎஸ்பி குச்சியிலிருந்து ஓடும் பதிப்பு இருக்கிறது. கோப்புக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டவும் முடியும். கணினி வீட்டில் பலருக்குப் பொது என்றால் இதைப் பாருங்கள்.

க்னூகேஷ்: இரட்டைப் பதிவு முறை, அதாவது ஒவ்வொரு தொகையும் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு பக்கமும் பதியும். பாண்ட், வாடகை வரவு, சின்ன வியாபாரம், இந்தியாவில் ஒரு கணக்கு என்று விரிந்த குடும்பத்துக்கு இதுதான். ரேண்டும் ரூபாயும் ஒரே கோப்பில் ஒழுங்காக நிற்கும். முதல் மூன்று வாரம் கஷ்டப்படுத்தும், அதை மறைக்க மாட்டேன்.

கேமைமணி: உள்ளே க்னூகேஷைப் போல, முகப்பு ஹோம்பேங்கைப் போல. பழைய குயிக்கனில் பழகியவர்களுக்குக் கை சீக்கிரம் வரும்.

என் சாய்வைக் கேட்டால், பாண்ட் இருக்கும் வீட்டுக்கு க்னூகேஷ், இல்லாத வீட்டுக்கு ஹோம்பேங்க். ஆனால் இரண்டாம் படியில் நீங்கள் எழுதிய கேள்விதான் தீர்ப்பு. நான்கில் இரண்டை மட்டும் தேர்ந்து அடுத்த படிக்கு வாருங்கள். நான்கையும் இறக்கினால் எதையும் முடிக்க மாட்டீர்கள்.

இறக்குவது அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும். தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தட்டினால், கூடவே வேண்டாத இரண்டு நிரல்கள் வந்து உட்காரும்.

6. புள்ளியா, காற்புள்ளியா? நிறுவும் முன் சரிசெய்யுங்கள்

எங்கள் அறையில் அதிக நேரத்தைத் தின்றது இந்தப் படிதான். மற்ற ஊர்க்காரர்களுக்காக எழுதிய வழிகாட்டிகளில் இது இருக்காது.

விண்டோஸில் பகுதியைத் தென்னாப்பிரிக்க ஆங்கிலம் என்று வைத்தால், தசமத்துக்கு அது காற்புள்ளி போடும், ஆயிரத்துக்கு இடைவெளி விடும். அதாவது 1 234,56. வங்கியோ கோப்பில் 1234.56 என்று புள்ளி வைத்துத் தருகிறது. கடையில், பில்லில், நம் கையெழுத்தில் எல்லாம் புள்ளிதான். கணினி மட்டும் காற்புள்ளியில் பிடிவாதமாக நிற்கிறது.

விளைவு எப்படி இருக்கும்? எக்செல்லில் தொகைகள் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும், கூட்டினால் பூஜ்யம் வரும். அது அவற்றை எழுத்தாக எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். சிஎஸ்வி முழுதும் ஒரே நெடுவரிசையில் வந்து விழும், ஏனென்றால் இந்த அமைப்பில் பட்டியலைப் பிரிக்கும் குறி அரைப்புள்ளி. எல்லாவற்றையும்விட மோசம், சில நிரல்கள் புள்ளியை விழுங்கிவிட்டு 1234.56ஐ 123456 என்று படித்துவிடும். ஒரு ஆசிரியை இப்படி ஒரே நாளில் லட்சக்கணக்கில் மளிகை வாங்கியிருந்தார்.

செய்ய வேண்டியது: கன்ட்ரோல் பேனல், ரீஜியன், அடிஷனல் செட்டிங்ஸ். அங்கே டெசிமல் சிம்பலைப் புள்ளியாகவும், லிஸ்ட் செபரேட்டரைக் காற்புள்ளியாகவும் மாற்றுங்கள். பகுதியையே அமெரிக்கா என்று மாற்றிவிடலாமே என்று சிலர் குறுக்கு வழி பிடிப்பார்கள். வேண்டாம். தேதி மாதம் முந்தி வந்துவிடும், 3ஆம் மாதம் 4ஆம் தேதி 4ஆம் மாதம் 3ஆம் தேதியாகும். 12க்கு மேற்பட்ட தேதிகள் மட்டும் பிழை காட்டும், மற்றவை சத்தமில்லாமல் தப்பாக ஏறிவிடும். போதாததற்கு, புதிதாகத் தொடங்கும் க்னூகேஷ் கோப்பு டாலரை முன்வைக்கும்.

மாற்றிய பிறகு கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டு, அதற்கப்புறம் மென்பொருளை நிறுவுங்கள். க்னூகேஷும் கேமைமணியும் சிஎஸ்வி ஏற்றும்போது எண் வடிவம் என்ன என்று கேட்கும். அங்கேயும் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். ஹோம்பேங்குக்குச் சிஎஸ்வியில் தனக்கென்று ஒரு நெடுவரிசை ஒழுங்கு உண்டு, வங்கியின் சிஎஸ்வி அப்படியே உள்ளே போகாது. அதனால் ஹோம்பேங்க் எடுப்பவர்கள் ஓஎஃப்எக்ஸ் அல்லது க்யூஐஎஃப் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

7. ஒரே ஒரு மாதத்தை ஏற்றிச் சோதியுங்கள்

மூன்று மாதமும் கையில் இருக்கிறது என்று மூன்றையும் ஏற்றிவிடாதீர்கள். தேர்ந்த இரண்டு மென்பொருளிலும் “சோதனை” என்ற பெயரில் ஒரு கோப்புத் தொடங்கி, ஒரு மாதத்தை மட்டும் ஏற்றுங்கள். இந்தக் கோப்பை எறியப்போகிறோம் என்று தெரிந்தே செய்யுங்கள். அப்போதுதான் பயமில்லாமல் கை வைப்பீர்கள்.

க்னூகேஷில் தொடங்கும்போதே நாணயம் இசட்ஏஆர், அதாவது நம் ரேண்ட், என்று இருக்கிறதா பாருங்கள். டாலரில் பரிவர்த்தனைகளை ஏற்றிவிட்டு அப்புறம் ரேண்டுக்கு மாற்ற நினைத்தால், புதிதாகத் தொடங்குவதே சுலபம்.

நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, ஸ்டேட்மென்ட்டின் கடைசி இருப்பும் திரையில் உள்ள இருப்பும் சென்ட் வரை ஒத்துப்போகிறதா? தொடக்க இருப்பைப் போட மறந்தால் ஒத்துப்போகாது. இதுதான் மிகச் சாதாரணமான தவறு.

இரண்டு, அதே கடையின் இரண்டாவது பில் வரும்போது தலைப்பை அதுவே ஊகிக்கிறதா? க்னூகேஷ் நீங்கள் முன்பு செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். ஹோம்பேங்கில் “இந்தச் சொல் வந்தால் இந்தத் தலைப்பு” என்று விதி எழுதி வைக்கலாம். முதல் மாதம் எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டியிருக்கிறதே என்று சலித்து நிறுத்தாதீர்கள். மூன்றாவது மாதத்தில் வேலை பெருமளவு குறைந்திருக்கும்.

மூன்று, ஒரே பில்லைப் பிரிக்க வருகிறதா? நம் ஊரில் இது கட்டாயம். சூப்பர்மார்க்கெட் கல்லாவிலேயே மளிகையோடு ப்ரீபெய்டு கரன்ட்டும் ஏர்டைமும் வாங்குகிறோம். ஸ்டேட்மென்ட்டில் 1,240 ரேண்ட் என்று ஒரே வரி, அதில் 500 கரன்ட். பிரிக்காவிட்டால் மளிகை ஊதிப்போய்த் தெரியும், கரன்ட் செலவே இல்லாத வீடாக இருக்கும்.

நான்கு, வெளியே எடுக்க வருகிறதா? எல்லாவற்றையும் க்யூஐஎஃபாகவோ சிஎஸ்வியாகவோ எடுத்துப் பாருங்கள். எந்த மென்பொருளும் ஒருநாள் நிற்கும். எடுக்க முடியாத கணக்கை அதற்குள் வைக்கக் கூடாது. தமிழில் தலைப்பு வைத்தவர்களுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் உண்டு. சிஎஸ்வியை எக்செல்லில் நேரே திறந்தால் தமிழ் குப்பை எழுத்தாகத் தெரியும். கோப்பில் தவறில்லை. டேட்டா பகுதி வழியாக உள்ளே கொண்டுவந்து யுடிஎஃப்-8 என்று தேர்ந்தால் சரியாக வரும்.

இரண்டையும் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். எதைத் திறக்க உங்களுக்கு அலுப்பு வரவில்லையோ அதை எடுங்கள். மற்றதைக் கணினியிலிருந்தே நீக்கிவிடுங்கள்.

8. கணக்குகளையும் தலைப்புகளையும் அமையுங்கள்

இப்போது உண்மையான கோப்பு. தொடங்கும் தேதியை மார்ச் 1 என்று வைத்தால் நல்லது. நம் வரி ஆண்டு மார்ச் 1இல் தொடங்கிப் பிப்ரவரி கடைசி நாளில் முடிகிறது. ஜனவரியில் தொடங்கினால் ஒவ்வொரு வருடமும் இரண்டு வருட அறிக்கையைச் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும். நான்கு மென்பொருளிலும் நிதியாண்டுத் தொடக்கத்தை மாற்ற இடம் உண்டு, முதல் நாளே மாற்றிவிடுங்கள். நடுவருடத்தில் இருக்கிறீர்கள் என்றால் அடுத்த மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். கையில் ஸ்டேட்மென்ட் எவ்வளவு தூரம் கிடைக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.

செலவுத் தலைப்பு 20க்கு மேல் வேண்டாம். மென்பொருளே தரும் பட்டியலை அப்படியே ஏற்றுக்கொண்டால், அமெரிக்க வீட்டுக்கான தலைப்புகள் எல்லாம் வந்துவிடும். நமக்கு வேண்டியவை வேறு. முனிசிபாலிட்டி ரேட்ஸ் என்ற வீட்டு வரியும் தண்ணீரும், ப்ரீபெய்டு கரன்ட், மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்புத் திட்டம், மெடிக்கல் எய்ட் தராத மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம், கோயிலும் காவடியும், ஊருக்கு அனுப்புவது. மருத்துவத்தை இரண்டாகப் பிரித்ததற்குக் காரணம், வரிக்கணக்கில் இரண்டையும் தனித்தனியாகக் கேட்பார்கள். வரிக்குப் போகும் தலைப்புகளை ஆங்கிலத்தில் வையுங்கள், கணக்காளர் கையில் கொடுக்க வேண்டிவரும். மற்றவை தமிழிலேயே இருக்கட்டும். நன்கொடையில், ரசீதில் 18ஏ என்று குறித்திருப்பவை மட்டும் வரிச்சலுகைக்குப் போகும். அவற்றுக்குத் தனித் தலைப்பு.

இனி, எல்லாரும் தடுக்கி விழும் நான்கு இடங்கள்.

கிரெடிட் கார்டு. கார்டில் 3,000 ரேண்டுக்கு மளிகை வாங்கினால் அது செலவு. மாதக் கடைசியில் சம்பளக் கணக்கிலிருந்து கார்டுக்கு 3,000 கட்டினால் அது செலவு இல்லை, கணக்கு மாற்றம். இரண்டையும் செலவு என்று போட்டால் வீட்டில் 6,000 போனதாகத் தெரியும். “சம்பளத்தைவிடச் செலவு அதிகமாக் காட்டுது, சாஃப்ட்வேர் தப்பு” என்று யாராவது வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பாண்ட். மாதத் தவணை 9,500 என்றால் அது முழுதும் செலவு அல்ல. உதாரணத்துக்கு அதில் 7,900 வட்டி, 1,600 அசல். வட்டி செலவு, அசல் கடனைக் குறைக்கிறது. இந்தப் பிரிப்பைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்காதீர்கள். வட்டி நாள் கணக்கில் ஏறுகிறது, வட்டி விகிதமும் மாறிக்கொண்டே இருக்கும். பாண்ட் ஸ்டேட்மென்ட்டில் வட்டி தனி வரியாக வரும், அதையே பதியுங்கள். தவணையைப் பாண்ட் கணக்குக்கு மாற்றம் என்று போட்டு, வட்டி வரியைச் செலவில் போட்டால், கடன் இருப்பு தானாகச் சரியாக நிற்கும்.

சீட்டு, அதைப் போன்ற ஸ்டாக்வெல் என்ற சேமிப்புக் குழு. மாதம் கட்டும் பணத்தைச் செலவில் போட்டால், சீட்டு எடுக்கிற மாதம் திடீர் வருமானம் வந்ததாகக் காட்டும். அது உங்கள் பணம்தானே. “சீட்டு” என்று ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து அதற்கு மாற்றுங்கள்.

கைப்பணம். ஏடிஎம்மில் எடுத்ததை “கைப்பணம்” என்ற கணக்குக்கு மாற்றுங்கள். அதிலிருந்து பெரிய செலவை மட்டும் எழுதுங்கள். பன்னி சாவ் என்கிற ரொட்டிக் குழம்புச் சாப்பாடு, டாக்ஸி எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று சபதம் எடுத்தவர்கள் யாரும் இரண்டாவது மாதத்தைத் தாண்டவில்லை. வாரக் கடைசியில் பர்ஸை எண்ணி, குறைந்ததை “சில்லறை” என்று ஒரே வரியில் போட்டால் போதும்.

க்னூகேஷில் இம்பேலன்ஸ்-இசட்ஏஆர் என்று நீங்கள் உருவாக்காத ஒரு கணக்கு முளைத்தால் பதற வேண்டாம். எதிர்ப்பக்கம் சொல்லாத பதிவுகளை அது அங்கே போட்டுவைக்கிறது. அதைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் தலைப்புக் கொடுத்தால் காலியாகிவிடும்.

9. மாதம் 25இல் தொடங்கும் பிரச்சினை

சம்பளம் 25ஆம் தேதி வருகிற வீடுகளில், டிசம்பர் சம்பளத்தை ஜனவரியில்தான் செலவழிக்கிறோம். மாத அறிக்கை குழப்பமாகத் தெரிவது அதனால். இதற்காகப் பதிவுத் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள், வங்கியோடு ஒத்துப்பார்க்க முடியாமல் போகும். அறிக்கை எடுக்கும்போது 25 முதல் 24 வரை என்று தேதி கொடுத்தால் சரி.

வருடத்துக்கு ஒருமுறை வருபவற்றையும் இங்கேயே குறித்துவையுங்கள். ஜனவரியில் பள்ளிச் சீருடையும் நோட்டுப் புத்தகமும், கார் லைசென்ஸ் டிஸ்க், 265 ரேண்ட் டிவி லைசென்ஸ், தைப்பூசம், தீபாவளி. எல்லாவற்றையும் கூட்டி 12ஆல் வகுத்து மாதா மாதம் ஒதுக்குங்கள். மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை மட்டும் வைத்துப் பட்ஜெட் போட்டால் இவை தெரியாமல் போய்விடும்.

10. மாதம் ஒருமுறை வங்கியோடு ஒத்துப்பாருங்கள்

ரீகன்சைல், அதாவது ஒத்துப்பார்க்கும் வசதி, எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு வடிவில் உண்டு. ஸ்டேட்மென்ட்டின் கடைசித் தேதியையும் இருப்பையும் முன்னால் வைத்து, வரி வரியாக டிக் செய்து, வித்தியாசம் பூஜ்யம் ஆகும்வரை விடக் கூடாது. தானாக ஏறியதைத் திரும்ப எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். இரண்டுமுறை ஏறிய சிஎஸ்வி இங்கேதான் பிடிபடும்.

இன்னொன்றும் பிடிபடும். 99 ரேண்ட் டெபிட் ஆர்டர், அதாவது கணக்கிலிருந்து தானாகப் போகும் பிடித்தம். நூறுக்குக் கீழே இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று, அனுமதியே இல்லாமல் பிடிக்கும் மோசடி இந்த நாட்டில் பழையது. எங்களோடு உட்காரும் ஒரு நர்ஸ் அக்கா முதல் முறை ஒத்துப்பார்த்தபோது, பெயரே தெரியாத ஒரு பிடித்தம் மூன்று மாதமும் வந்திருந்தது. அன்றே வங்கியில் தகராறு பதிந்து நிறுத்தினார். இப்படிக் கண்டால் அடுத்த மாதம் பார்ப்போம் என்று விடாதீர்கள். நாள் கடந்தால் திரும்ப வாங்குவது கடினமாகும்.

வித்தியாசம் வரும்போது “சரிக்கட்டல்” என்று ஒரு வரி போட்டு மூடிவிட ஆசை வரும். வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வராவிட்டால் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்திருக்க வாய்ப்பு அதிகம். 2ஆல் வகுத்து அந்தத் தொகையைத் தேடுங்கள், கூட்ட வேண்டியதைக் கழித்திருக்கலாம். பழைய கணக்குப்பிள்ளைகளின் வித்தை, கணினியிலும் வேலை செய்கிறது.

11. கரன்ட் போனால், கணினி போனால்

2022இலும் 2023இலும் லோட்ஷெட்டிங் என்ற மின்வெட்டு நம்மைப் படுத்திய பாடு தெரியும். இப்போது குறைந்திருந்தாலும் கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் பழுதும் போய்விடவில்லை. க்னூகேஷ் திறந்திருக்கும்போது கரன்ட் போனால், பூட்டுக்கோப்பு ஒன்று அழியாமல் தங்கிவிடும். அடுத்தமுறை திறக்கும்போது, வேறு யாரோ இந்தக் கோப்பைப் பயன்படுத்துகிறார்கள் என்று எச்சரிக்கும். இந்த இடத்தில்தான் பலர் பயந்துபோய்ப் புதிய கோப்பு தொடங்கி, பழையது அழிந்துவிட்டது என்று அழுகிறார்கள். வேறு கணினியில் திறக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், எப்படியானாலும் திற என்ற பொத்தானைத் தட்டுங்கள். கணக்கு அங்கேயேதான் இருக்கும். மேசைக் கணினி என்றால் சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். க்னூகேஷில் கோப்பை எஸ்க்யூஎல்லைட் வடிவில் சேமித்தால் ஒவ்வொரு பதிவும் உடனே எழுதப்படும், அதுவும் ஒரு வழி.

க்னூகேஷுக்கும் ஹோம்பேங்குக்கும் கோப்பைப் பூட்டும் கடவுச்சொல் கிடையாது. கணினியைத் திறப்பவர் யாரும் பார்க்கலாம். ஆகவே விண்டோஸில் உங்களுக்கென்று கடவுச்சொல்லோடு தனிப் பயனர் கணக்கு வையுங்கள்.

காப்பு நகல் இரண்டு. ஒன்று யுஎஸ்பி குச்சியில், ஆனால் மடிக்கணினிப் பைக்குள் அல்ல. திருடன் பையோடுதான் எடுத்துப் போவான். மகள் வீட்டிலோ அலுவலக மேசையிலோ இருக்கட்டும். இன்னொன்று ஒன்டிரைவ் போன்ற இடத்தில். அங்கே ஒரு நிபந்தனை: ஒரே கோப்பை இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். இரண்டு நகலாகப் பிரிந்து நிற்கும், சேர்க்க வழியில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நான் நகல் கணக்கில் சேர்ப்பதில்லை.

வரிக்கான தாள்களை, கணக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்து 5 வருடம் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. அதனால் முதல் படியில் தொடங்கிய “மூலம்” ஃபோல்டரும் இந்த நகலோடு சேர்ந்தே போகட்டும். வருடத்துக்கு ஒரு உள் ஃபோல்டர் போதும், 2026 மார்ச் என்று பெயர் வைத்துத் தொடங்கலாம்.